கடைசியாக ஏறுவது முதலில் இறங்கும்

லாரி வந்து நின்ற காலையில் எங்கள் வீட்டில் 64 அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதற்குக் கலர் டேப் ஒட்டி, உள்ளே இருப்பதை போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. லோடு ஏற்ற வந்தவர்களில் வயதில் மூத்தவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கீங்கம்மா. அங்க போனதும் முதல்ல எது வேணும்?" என்றார்.

கேள்வியே எனக்குப் புரியவில்லை. "எல்லாமேதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "கடைசியா ஏறுறதுதான் முதல்ல இறங்கும். யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க எங்கே நேரம்? சின்னவன் இடுப்பில் இருந்தான். மூத்தவள் காலி அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வரமாட்டேன் என்றாள். "கைக்குக் கிடைக்கிறதை ஏத்துங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அடுத்த பத்து நாள் பட்டேன்.

கணவருக்கு வேலை மாறியதால் வந்த இடமாற்றம் இது. 1,400 கிலோமீட்டர், காரில் இரண்டு நாள். மூத்தவளுக்கு நான்கரை வயது, சின்னவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். ஆறு மாதம் கழித்து இதை எழுதுகிறேன். சாமான் விஷயத்தில் நாங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் செய்தோம். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

மூத்தவளிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னோம். நான்கரை வயதில் "அடுத்த மாசம்" என்பதும் "நாளைக்கு" என்பதும் ஒன்றுதான். தினமும் காலையில் "இன்னிக்கா?" என்று கேட்டாள். கலர் காகிதத்தை வெட்டி 30 வளையங்களாகக் கோத்துச் சங்கிலி செய்து மாட்டினேன். ராத்திரி படுக்கும்போது ஒன்றைக் கிழிப்பாள். அவளுக்குக் கணக்கு பிடிபட்டது. சங்கிலி குட்டையாகக் குட்டையாக எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் அவளிடம் ஒரு தாள் ஸ்டிக்கரைக் கொடுத்து, நம்மோடு வருகிற சாமான்களில் எல்லாம் ஒட்டச் சொன்னேன். எது வரும், எது வராது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. "பாத்ரூம் வருமா?" என்று நிஜமாகவே கேட்டாள். கட்டில், பொம்மைக்கூடை, தம்பியின் தலை என்று வரிசையாக ஒட்டிக்கொண்டு போனவள், தன் அறையின் ஸ்விட்ச்சிலும் ஒன்றை ஒட்டினாள். குட்டி ஸ்டூலின் மேல் நுனிக்காலில் நின்று அந்த ஸ்விட்ச்சைப் போட அவள் பழகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருள் அதுதான்.

"அது வராதுடா, சுவத்தோட இருக்கும்" என்றேன்.

"அப்ப லைட்டை யாரு போடுவா?"

"அங்க வேற ஸ்விட்ச் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டேன்.

சின்னவன் விஷயத்தில் செய்தது இதைவிடப் பெரிய தவறு. அவனுக்கு ஒரு மஞ்சள் போர்வை உண்டு. ஒரு மூலை எப்போதும் வாயில் இருக்கும், நிறம் என்னவென்று சொல்ல முடியாத அளவுக்குப் போயிருந்தது. புது வீட்டுக்கு எல்லாம் சுத்தமாகப் போகட்டும் என்று, கிளம்புவதற்கு முந்தின நாள் அதைத் துவைத்துப் போட்டேன். அன்று ராத்திரி அவன் போர்வையை வாங்கினான், மூக்கருகே கொண்டுபோனான், கீழே போட்டான். மறுபடி கொடுத்தேன். தூக்கி எறிந்தான். அது வேறு யாருடைய போர்வையோ என்பதுபோல் என்னைப் பார்த்து அழுதான்.

பிறகு ஒருநாள் இதைப் பற்றிப் படித்தேன். பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தைகள் கட்டிக்கொண்டு திரியும் இப்படிப்பட்ட துணியையும் பொம்மையையும் பற்றி 1953-இல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார். அது அழுக்காகி நாறினாலும் தாய்மார்கள் விட்டுவிடுவார்கள், துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும் என்கிறார். எனக்குத் தெரியவில்லை, என்ன செய்ய. வீடு மாறுகிற மாதத்தில் அந்த அழுக்குத் துணியைத் தொடாதீர்கள். துவைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே துவைத்து, மறுபடி அழுக்காக நேரம் கொடுங்கள்.

பேக்கிங்கில் பலரும் செய்கிற இன்னொன்றையும் நாங்கள் செய்தோம். தினமும் வேண்டியிருக்காதே என்று பொம்மைகளையும் கதைப் புத்தகங்களையும் முதலில் கட்டினோம். பிள்ளைகளின் அறை இரண்டு வாரம் வெறும் சுவராக இருந்தது. பெரியவர்களின் சாமானைத்தான் முதலில் கட்ட வேண்டும். பிள்ளைகளின் அறை கடைசி நாள் காலை வரை அப்படியே கிடக்கட்டும், போய் இறங்கியதும் முதலில் அதைப் பிரியுங்கள். வரவேற்பறை ஒரு மாதம் பெட்டிக்காடாக இருந்தாலும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது.

கனமான சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் கரைந்தபின் துடைத்து, நிற்க வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே பிளக்கைப் போட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, டிரம் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டுகள் உண்டு. மெஷின் வாங்கியபோது கூடவே வருபவை. இடம் மாற்றும்போது அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும், போய்ச் சேர்ந்ததும் ஓடவிடுவதற்கு முன் கழற்ற வேண்டும். நாங்கள் "இது எதுக்கு" என்று என்றைக்கோ தூக்கிப் போட்டிருந்தோம், கடைசி நேரத்தில் அலைந்தோம். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், துணியைப் பெரிய பெட்டியில் போடுங்கள். மாற்றிச் செய்தால் தூக்குகிறவரின் முதுகு போகும், இல்லை என்றால் பெட்டியின் அடி போகும். பெட்டியின் மேல் நம்பரும் அறையும் மட்டும் இருந்தால் போதும். உள்ளே விலையுயர்ந்தது ஏதாவது இருந்தால் அதை வெளியே எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

ஆவணங்கள், தடுப்பூசி அட்டை, பள்ளிக் காகிதங்கள், மருந்து இவை லாரியில் ஏறவே கூடாது. இதைச் சொல்லாதவர் இல்லை. ஆனாலும் தடுப்பூசி அட்டை 29-ஆம் பெட்டியில் போயிருந்தது.

பயணம். "ராத்திரியில் ஓட்டுங்கள், பிள்ளைகள் தூங்கிவிடும்" என்று பத்துப் பேராவது சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் தூங்கும் சரி, ஓட்டுகிறவர்? மூன்று நாளாகப் பெட்டி தூக்கி, சரியாகத் தூங்காத ஆள் அவர். நள்ளிரவு 2 மணியிலிருந்து விடியும் வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். தவிர, ராத்திரி முழுக்க காரில் தூங்கிய பிள்ளை, நாம் விழப்போகும் பகலில் முழு விழிப்பாக இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இருட்டுவதற்குள் தங்கும் இடம் போய்ச் சேர்ந்தோம். கைக்குழந்தையைக் கார் சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். சின்னவனின் சீட் காரின் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டியிருந்தது. அந்த வயதில் கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது மணி நேரத்தில் மூத்தவளுக்கு அலுத்துவிட்டது. போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தோம். இருபது நிமிடம் சத்தமே இல்லை. நல்லது என்று நினைத்தோம். அந்த அமைதிக்குக் காரணம் வேறு. "அம்மா, வாயில தண்ணி வருது" என்றாள். நான் திரும்புவதற்குள் சீட், உடை, போன், என் கை எல்லாம் ஆயிற்று.

நாம் நகர்கிறோம் என்று உள்காது சொல்லும். கையிலிருக்கும் திரையையே பார்க்கும் கண்ணோ அசையாமல் இருக்கிறோம் என்று சொல்லும். மூளை குழம்புவதுதான் குமட்டல். 2 முதல் 12 வயது வரை இது அதிகம், இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். அதனால்தான் சின்னவன் சிரித்துக்கொண்டே வந்தான். போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்தில் தெரிகிறதை எண்ணும் விளையாட்டு விளையாடினோம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்தோம். மறுநாள் ஒருமுறைகூட இல்லை.

அன்றைக்கு மாற்று உடை எங்கே இருந்தது என்று கேளுங்கள். டிக்கியில், எல்லாவற்றுக்கும் அடியில். சாலையோரம் பத்துப் பையை இறக்கி எடுத்தோம். லாரிக்குச் சொன்ன சட்டம்தான் டிக்கிக்கும் என்று அப்போது உறைத்தது. ஆளுக்கு இரண்டு மாற்று உடை, துண்டு, ஜிப் கவர், ஈரத் துடைப்பான் இத்தனையும் ஒரு பையாகி முன்சீட்டின் காலடிக்கு வந்தது.

தங்கும் இடத்தில் சாவி வாங்கப் போகும்போது தூங்குகிற பிள்ளைகளை ஐந்து நிமிடம் காரிலேயே விடலாமா என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. எஞ்சின் அணைந்து மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிவிடும். நான் பிள்ளைகளோடு இருந்தேன், அவர் போய் வந்தார்.

புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கதவைத் திறந்து ஸ்விட்ச்சைப் போட்டால் வெளிச்சம் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் பல்புகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சமையலறையில் ஒன்றும் பாத்ரூமில் ஒன்றும் மட்டும் பாக்கி. முதல் ராத்திரிக்கென்று நான் காரில் கொண்டுவந்த பெட்டியில் போர்வை, துண்டு, சோப், தட்டு, தெர்மாமீட்டர், சார்ஜர் எல்லாம் இருந்தன. பல்பு இல்லை. டேப்பை வெட்டக் கத்தியும் இல்லை, பெட்டியைச் சாவியால் குத்தித்தான் திறந்தோம்.

நான்காம் நாள் வரும் என்று சொன்ன லாரி ஆறாம் நாள்தான் வந்தது. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, இது எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் "முதல் ராத்திரிப் பெட்டி" என்பதையே மறந்துவிட்டு, ஒரு வாரத்துக்கு லாரி வராது என்று நினைத்துக் கட்டுங்கள்.

பெரியவர்களுக்கே அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட லேசாகத்தான் தூங்குகிறதாம், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறதாம். காவல் காக்கிற மூளை என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் சொட்டுவது, ஜன்னல் அதிர்வது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மூத்தவளின் அழுகை அந்த ராத்திரி தொடங்கியது. மறுநாளே பல்பு வாங்கி மாட்டினோம், ராத்திரி விளக்கும் வைத்தோம், நிற்கவில்லை. குளியல், கதை, பாட்டு என்று பழைய வீட்டின் வரிசையை நிமிடம் பிசகாமல் செய்து பார்த்தோம். சின்னவனுக்கு அது நன்றாக வேலை செய்தது. இரண்டு நாளில் என் பழைய நைட்டியோடு சுருட்டிக் கொடுத்த மஞ்சள் போர்வையையும் மன்னித்து ஏற்றுக்கொண்டான். அவளோ லைட்டை அணைக்கிற நேரம் வந்தாலே உதடு பிதுங்கும். மூன்றாம் நாள் படுக்கையை நனைத்தாள். ஒரு வருடமாக நனைக்காத பிள்ளை. நான் திட்டிவிட்டேன், அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கதையாகிவிடும். இடம் மாறினால் பிள்ளைகள் ஒரு படி பின்னால் போவது சகஜம், வாய்விட்டுக் கண்டித்தால் நீளும், விட்டுவிட்டால் சில வாரங்களில் தானாகப் போகும் என்று மருத்துவர் சொன்னார். மெத்தைக்கு மேல் நீர் இறங்காத விரிப்பு போட்டோம், பேச்சை எடுக்கவில்லை. மூன்று வாரம் ஆயிற்று.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு வெறும் 20. இவ்வளவுதானா என்று முதலில் கோபம் வந்தது. அதே பட்டியலில் வாழும் சூழல் மாறுவதற்கு 25, பள்ளி மாறுவதற்கு 20, தூக்க வழக்கம் மாறுவதற்கு 16, உணவு வழக்கம் மாறுவதற்கு 15. கூட்டினால் 96. பட்டியல் பெரியவர்களுக்காகப் போட்டது. ஆனால் இந்த ஐந்தையும் ஒரே வாரத்தில் நான்கரை வயதுக்காரி தலையில் இறக்கப் பார்த்தோம். பள்ளியை மட்டும் பத்து நாள் தள்ளிப்போட்டோம். நடுவில் ஒருநாள் சும்மா போய் வகுப்பறையையும் பாத்ரூமையும் பார்த்துவிட்டு வந்தாள். அது நல்ல முடிவு.

லாரிக்காகக் காத்திருந்த நாட்களில் உருப்படியாக ஒன்று செய்தோம். வெறும் வீட்டில் முட்டிபோட்டுத் தவழ்ந்தோம், சின்னவன் உயரத்தில். நிமிர்ந்து பார்த்தால் தெரியாதது எல்லாம் தெரிந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூடியில்லாத பிளக், கதவுக்குப் பின்னால் துருத்திய ஆணி, ஜன்னல் திரையிலிருந்து கழுத்து உயரத்தில் வளையமாகத் தொங்கிய கயிறு. வாட்டர் ஹீட்டர் 60 டிகிரியில் இருந்தது. அந்தச் சூட்டில் பிஞ்சுத் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். 50-க்குக் கீழே இறக்கினோம். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கத்தை விட்டோம், தவழும் பிள்ளை மூழ்கச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். சாமான் வந்ததும் அலமாரியைச் சுவரோடு பிணைத்தது கணவரின் முதல் வேலை.

லாரி வந்தது ஆறாம் நாள் மதியம். நம்பர் இருந்ததால் எண்ணி இறக்க முடிந்தது. 63 வந்தது, 41 இல்லை. "அப்புறம் பாத்துக்கலாம், கையெழுத்து போடுங்க" என்றார்கள். காகிதத்திலேயே "41-ஆம் பெட்டி வரவில்லை, மேசையின் இடது கால் உடைந்திருக்கிறது" என்று எழுதி, போட்டோ எடுத்து, அப்புறம்தான் போட்டேன். ஒன்பது நாள் கழித்து 41 வந்து சேர்ந்தது. கட்டில் மட்டும் அன்று நிற்கவில்லை. கழற்றிய ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரே பையில் போட்டு 17-ஆம் பெட்டிக்குள் வைத்திருந்தேன், அது முதலில் ஏறியது, கடைசியில் இறங்கியது. ஸ்க்ரூவை அந்தந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கலாம்.

லாரி கிட்டத்தட்ட காலி. இறக்கின பையன் உள்ளே போய், விரலில் எதையோ தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். குட்டி ஸ்டூல். மூலையில் இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் முன்னால் செருகியிருந்தார்கள் போல. "இது எங்க வைக்கணும்க்கா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே போனேன். தன் அறைக் கதவோரம் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். இந்த வீட்டு ஸ்விட்ச் அந்த வீட்டைவிட ஒரு விரல்கடை உயரம். நுனிக்காலில் எம்பி, நடுவிரலால் தட்டினாள். பட்டப்பகலில் லைட் எரிந்தது. அணைத்தாள். போட்டாள். அணைத்தாள். வாசலில் தவழ்ந்து வந்து உட்கார்ந்திருந்த சின்னவன், எரியும்போதெல்லாம் கைதட்டினான்.

வெளியே, கையெழுத்துக்கு இன்னொரு காகிதம் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். இருக்கட்டும் என்று நின்றேன்.